வட சென்னையில் கார்டேனியா: உரத்துக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

நர்சரியிலிருந்து வரும்போது கார்டேனியா கரும்பச்சை இலையும் பத்துப் பதினைந்து மொட்டுமாகத்தான் வரும். வீட்டுக்கு வந்த ஒன்றிரண்டு மாதத்தில் மொட்டு ஒவ்வொன்றாகக் கொட்டும், நுனி இலைகள் வெளுக்கும். உடனே எல்லோரும் செய்வது உரம் போடுவது. கடலைப் பிண்ணாக்கு, மண்புழு உரம், முட்டை ஓடு, டீத்தூள் என்று கையில் கிடைத்ததெல்லாம் தொட்டிக்குள் போகும். செடி இன்னும் வெளுக்கும். வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று வட சென்னையில் எந்த மொட்டை மாடியில் கார்டேனியா வைத்தாலும் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. செடிக்குப் பசி இல்லை. போர் தண்ணீர்தான் அதைக் கெடுக்கிறது. இந்த ஒரு விஷயத்தைச் சரி செய்தால் மீதி எல்லாம் சாதாரணத் தொட்டி வளர்ப்புதான்.

முதலில் வாங்கியது கார்டேனியாதானா என்று பார்த்துவிடுங்கள். அடுக்கு நந்தியாவட்டையைக் கார்டேனியா என்று சொல்லி விற்பது உண்டு. பூவும் இலையும் மேலோட்டமாக ஒன்றுபோல இருக்கும். ஓர் இலையைக் காம்போடு கிள்ளுங்கள். பால் வடிந்தால் நந்தியாவட்டை. கார்டேனியாவில் பால் வராது. மொட்டையும் பார்க்கலாம்: கார்டேனியா மொட்டு பச்சையாக நீண்டு, இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிச் சுற்றியிருக்கும். விரிந்த பூ முதல் நாள் சுத்த வெள்ளை, இரண்டு மூன்று நாளில் வெண்ணெய் நிறம், பிறகு மஞ்சள். கந்தராஜ் என்ற பெயரிலும் இதையே விற்பார்கள். காபி, இட்லிப்பூ எல்லாம் இதன் குடும்பம்தான். இட்லிப்பூ வளர்த்தவர்களுக்கு இலை வெளுக்கும் தொல்லை பழக்கமானதாக இருக்கும், காரணமும் அதேதான்.

கார்டேனியாவின் சொந்த ஊர் தென் சீனா, தைவான், ஜப்பான், வியட்நாம் பக்கம். நிறைய மழை, புளிப்புத் தன்மையுள்ள மண், இலைமக்கு, இரவில் லேசான குளிர். மண்ணின் புளிப்பைக் காட்டும் எண் பி.எச்., எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 5 முதல் 6 வரை இருந்தால் செடிக்குச் சுகம். 6.5 தாண்டினால் தடுமாறும். நம் போர் தண்ணீர் பெரும்பாலும் 7.5க்கு மேல். ஆனால் அந்த எண்ணைவிட அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட்தான் பெரிய வில்லங்கம். கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதைக் கொடுப்பது அதுதான். தினமும் ஊற்றும்போது இது மண்ணிலுள்ள புளிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்துவிடும். பி.எச். ஏற ஏற மண்ணிலிருக்கும் இரும்புச் சத்து கரையாத துருவாக மாறிவிடும். தொட்டி நிறைய இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. மேலே எத்தனை உரம் போட்டாலும் இலை வெளுப்பது இதனால்தான்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரமாகப் போனால் உப்பும் சேர்ந்துகொள்ளும். அங்கே இலை விளிம்பு காய்ந்து பழுப்பாகும். தொட்டியின் வெளிப்புறத்திலும் விளிம்பிலும் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தால், அதே உப்பு உள்ளே வேரிலும் இருக்கிறது.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு கட்டு பி.எச். தாளும் வாங்கி வையுங்கள். உரத்துக்குச் செலவழிப்பதைவிட இது லாபம். மீட்டர் 300க்குக் கீழே காட்டினால் கவலை இல்லை. 300லிருந்து 600 வரை இருந்தால் நல்ல தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாம். அதற்கு மேல் போனால் அந்தத் தண்ணீரைச் செம்பருத்திக்கோ போகன்வில்லாவுக்கோ கொடுங்கள், கார்டேனியாவுக்கு வேண்டாம். மெட்ரோ வாட்டர் பொதுவாகப் போரைவிட எவ்வளவோ மேல். லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது, ஒவ்வொரு முறையும் மீட்டரை விட்டுப் பாருங்கள்.

நல்ல தண்ணீர் என்று சொல்வது இரண்டைத்தான். ஒன்று மழைத்தண்ணீர், இன்னொன்று ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவதால் ஏசி தண்ணீரில் உப்பே கிட்டத்தட்ட இருக்காது. சென்னைப் புழுக்கத்தில் ஒரு ராத்திரி முழுக்க ஓடினால் அரை வாளியாவது சேரும், ஒரு தொட்டிக்கு அது தாராளம். குழாய் முனையில் ஒரு கேன் வைத்தால் போதும். ஏசியைக் கழுவி சர்வீஸ் செய்த அன்றைக்கு வரும் தண்ணீரை மட்டும் கொட்டிவிடுங்கள், அதில் கழுவிய மருந்து இருக்கலாம்.

மழைத்தண்ணீர்க் கணக்கும் சுலபம். ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 லிட்டர். பத்து சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஒரு குழாயைத் திருப்பிவிட்டால் ஐப்பசியில் இரண்டு சென்டிமீட்டர் மழைக்கே 200 லிட்டர் டிரம் நிறைந்துவிடும். 12 அங்குலத் தொட்டியில் இருக்கும் செடி கோடையில் ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் குடிக்கும். அந்தக் கணக்கில் ஒரு டிரம் நான்கு மாதத்துக்கு மேல் வரும். தை மாதம் திறந்தால் ஒரு செடியைச் சித்திரை வரை இழுத்துவிடலாம். முதல் மழை மாடியின் தூசியைக் கழுவிக்கொண்டு வரும், அதை வெளியே விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். டிரம்மின் வாயைக் கொசு நுழையாத வலையால் இறுக்கிக் கட்ட வேண்டும். இது டெங்கு ஊர்.

ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று செடிக்கு ஊற்றுபவர்கள் நிறைய பேர். எண்ணம் நல்லதுதான், ஆனால் நீங்கள் குடிக்காமல் விட்ட உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீரும் ஆகாது. கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைச் சேர்ப்பதுதான் அதன் வேலை.

வேறு வழியே இல்லை, போர் தண்ணீர்தான் என்றால் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், கைகொடுக்கும். மளிகைக் கடையில் கிடைப்பதுதான். 5 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், அதாவது கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டுக் கலக்கி, பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். 6லிருந்து 6.5க்குள் வரும்வரை துளித்துளியாகச் சேர்க்கலாம். அதற்குக் கீழே இறக்காதீர்கள். இது தற்காலிகம்தான், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எலுமிச்சை உப்பைத் தின்றுவிடும். உப்புக் கரிக்கும் தண்ணீரை இதனால் சரி செய்யவும் முடியாது.

இலை மஞ்சளாவதில் மூன்று நான்கு விதம் உண்டு, எந்த இலை, எப்படி என்று பார்க்காமல் கை வைக்கக் கூடாது. நுனியில் இருக்கும் இளம் இலைகள் வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாக வலை போட்டதுபோலத் தெரிந்தால் இரும்புக் குறைவு. இங்கே பத்தில் பெரும்பாலானவை இதுதான். அடியிலுள்ள முதிர்ந்த இலையில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சளாகி, காம்புப் பக்கம் மட்டும் பச்சை நின்றால் மக்னீசியம். அடி இலை முழுசாக ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்து. எல்லா இலையும் வாடித் தொங்க, மண் மட்டும் ஈரமாகவே இருந்தால் வேர் அழுகுகிறது, அப்போது தண்ணீரை நிறுத்துங்கள். மாசி பங்குனியில் உள்பக்கத்துப் பழைய இலைகள் நாலைந்து மஞ்சளாகி உதிர்வது வழக்கமானதுதான், அதற்கு எந்த வைத்தியமும் வேண்டாம்.

இரும்புக் குறைவுக்கு உடனடி மருந்து அன்னபேதி உப்பு, அதாவது பெரஸ் சல்பேட். உரக்கடையில் கிடைக்கும். இளம்பச்சைப் படிகமாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் காற்று பட்டு வீணாகிவிட்டது, இலைக்குப் பயன்படாது. நல்ல தண்ணீர் 1 லிட்டரில் முதலில் 1 கிராம் எலுமிச்சை உப்பு, பிறகு 3 கிராம் அன்னபேதி கரைத்து, சாயங்காலம் இலையின் இரண்டு பக்கமும் படும்படி தெளியுங்கள். 10, 12 நாள் இடைவெளியில் மூன்று முறை போதும். மொட்டின் மேல் படக் கூடாது. தரையில் சிந்தினால் துருக் கறை போகவே போகாது, தொட்டியை நகர்த்திவிட்டோ பழைய சாக்கு விரித்தோ செய்யுங்கள். ரொம்ப வெளுத்துப்போன இலை மறுபடி பச்சையாகாது. அடுத்து விடும் துளிரைப் பார்த்துத்தான் பலனை முடிவு செய்ய வேண்டும்.

மண் வழியாகக் கொடுக்க வேண்டுமென்றால் இரும்புக் கிலேட் வேண்டும், அதாவது இரும்பைத் துருவாகாமல் பிடித்து வைத்திருக்கும் கலவை. அதில் எந்த வகை என்று கடையில் கேட்டு வாங்குங்கள். ஈ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5 தாண்டிய மண்ணில் நிலைக்காது. ஈ.டி.டி.எச்.ஏ. என்று எழுதியிருக்கும் வகை விலை கூட, ஆனால் சுண்ணாம்பு ஏறிய மண்ணிலும் வேலை செய்யும். கரைத்தால் ரத்தச் சிவப்பாக இருக்கும். 12 அங்குலத் தொட்டிக்கு 1 லிட்டர் தண்ணீரில் 1 கிராம், மாதம் ஒரு முறை.

மண் கலவையில் கஞ்சத்தனம் வேண்டாம். 12 அங்குலத் தொட்டிக்கு, செம்மண் 4 லிட்டர், கழுவிய தேங்காய் நார்க்கழிவு 4 லிட்டர், நன்றாக மக்கிய தொழுஉரம் அல்லது இலைமக்கு 3 லிட்டர், கரடுமுரடான ஆற்று மணல் அல்லது பெர்லைட் 3 லிட்டர், வேப்பம் பிண்ணாக்கு 100 கிராம், கந்தகத் தூள் 2 டீஸ்பூன். கந்தகம் உடனே வேலை செய்யாது. மண்ணிலுள்ள பாக்டீரியா அதை அமிலமாக மாற்ற ஒன்றரை இரண்டு மாதம் எடுக்கும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, மூன்று முறையாவது இப்படிச் செய்யுங்கள். கழுவாத கட்டியில் உப்பு இருக்கும். கடற்கரை மணலை இந்தத் தொட்டிக்குள் விடவே கூடாது. உப்பு ஒரு பக்கம், சிப்பித் துண்டுகள் எல்லாம் சுண்ணாம்பு என்பது இன்னொரு பக்கம். சந்தேகமான மணலிலோ மண்ணிலோ ஒரு ஸ்பூன் எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது, வேறு மண் பாருங்கள்.

சிமென்ட் தொட்டியும் இதே காரணத்தால் ஆகாது. மண் தொட்டி நல்லது, கோடையில் சீக்கிரம் காயும் என்பது மட்டும் குறை. தரையில் நடுவதாக இருந்தால் பெரம்பூர், கொளத்தூர், மணலி பக்கத்துக் களிமண்ணில் ஓரடி மேடு கட்டி நடுங்கள், பூசிய சுவரிலிருந்து மூன்றடி தள்ளி. சுவரடி மண்ணில் கட்டட வேலையின் சிமென்ட்டும் சுண்ணாம்பும் கலந்தே இருக்கும்.

சென்னை நர்சரிகளுக்குச் செடி பெரும்பாலும் ஆந்திராவின் கடியத்திலிருந்து வருகிறது. வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை இருக்கும். அதை அப்படியே புதுக் கலவையில் வைத்தால் ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள லேசான மண் வழியே இறங்கிப் போய்விடும், உருண்டையின் நடு மட்டும் காய்ந்து கிடக்கும், அல்லது நனைந்தால் நாள்கணக்கில் காயாது. அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் உருண்டையை ஊறவைத்து, வெளிப்பக்கக் களிமண்ணை விரலால் மெதுவாகக் கரைத்து எடுங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிடுங்கள், முழுசாகக் கழுவினால் நுண்வேர் அறுந்து செடி வாடிவிடும். மொட்டோடு வந்த செடியில் இதைச் செய்யாதீர்கள். பூத்து முடியட்டும், ஆடிக்குப் பிறகு மாற்றலாம். நடும்போது தண்டின் அடி பழைய மட்டத்தைவிட ஒரு விரல்கடை மேலே நிற்க வேண்டும், புதைந்தால் கழுத்து அழுகும்.

வெயிலைப் பொறுத்தவரை கிழக்கு பார்த்த பால்கனிதான் முதல் தரம். காலை வெயில் நான்கைந்து மணி நேரம், பதினொரு மணிக்கு மேல் நிழல். மேற்கு பார்த்த மாடிச் சுவர் சாயங்காலம் அனல் கக்கும், அங்கே எந்தத் தொட்டியும் பிழைப்பது கஷ்டம். மே 4 முதல் 28 வரையான அக்னி நட்சத்திர நாள்களிலும் அதற்கு முன்னும் பின்னும் 50 சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது, அக்னி முடிந்த பிறகு. அதனால் வலையை ஜூன் நடுவில்தான் அவிழ்க்க வேண்டும். தொட்டியை வெறும் சிமென்ட் தரையில் வைக்காமல் செங்கல் மேலோ மரக்கட்டை மேலோ ஏற்றி வையுங்கள். கடற்காற்று நேராக அடிக்கும் தெருக்களிலும், லாரிப் புழுதி பறக்கும் மணலி, எண்ணூர் சாலையோரங்களிலும் வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிட வேண்டும், அடிப்பக்கமும் சேர்த்து.

இனி மொட்டு. கார்டேனியா மொட்டு பிடிக்க இரவில் 15லிருந்து 18 டிகிரி வரை குளிர் இருந்தால் அருமை. சென்னையில் அந்த அளவு குளிர் அபூர்வம். மார்கழி, தை இரவுகளில் 20, 21 வரை இறங்கும், அதுவே நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அப்போது பிடிக்கும் மொட்டுதான் மாசி, பங்குனியில் பெரும்பாலும் விரியும். பெங்களூரிலும் ஏற்காட்டிலும் பூப்பது போல இங்கே செடி முழுக்கப் பூக்காது. ஒரு பருவத்துக்கு இருபது முப்பது நல்ல பூ கிடைத்தால் அது நன்றாக வைத்திருக்கும் செடி. இதைத் தெரிந்துகொண்டு வளர்த்தால் ஏமாற்றம் இல்லை. மார்கழியில் செடியைத் திறந்த மாடியில் வையுங்கள், ராத்திரி பனி படட்டும். வீட்டுச் சுவருக்குள் ஒதுக்கி வைத்தால் அந்தக் கொஞ்சக் குளிரும் கிடைக்காது.

பிடித்த மொட்டு கொட்டுவதற்குக் காரணங்கள் வேறு. இரவு வெப்பம் திடீரென்று ஏறுவது ஒன்று, பங்குனிக் கடைசியில் விழும் மொட்டுகளை நம்மால் பெரிதாகக் காப்பாற்ற முடியாது. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் தொப்பலாக ஊற்றுவது இன்னொன்று, இது முழுக்க நம் கையில். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். லேசான ஈரம் எப்போதும் இருக்க வேண்டும், சேறாகக் கூடாது. மண்மேல் காய்ந்த இலை இரண்டு அங்குலம் பரப்பினால் இந்த ஏற்ற இறக்கம் பாதியாகக் குறையும். மொட்டு கடலை அளவு வந்த பிறகு தொட்டியை இடம் மாற்றாதீர்கள். மொட்டு உட்புறம் பழுப்பாகி, நுனி கருகி, விரியாமலே நின்றால் ஒன்றைப் பிரித்து வெள்ளைத் தாளில் தட்டுங்கள். ஊசிமுனை அளவில் நீளமாக ஓடினால் இலைப்பேன்.

உரம் பற்றிக் குறைவாகவே சொல்ல இருக்கிறது. ஆடி முதல் புரட்டாசி வரை துளிர் ஓடும் காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை 1 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் அம்மோனியம் சல்பேட், ஈர மண்ணில். தழைச்சத்தும் கிடைக்கும், மண்ணும் கொஞ்சம் புளிக்கும். மார்கழியிலிருந்து பூ முடியும்வரை தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு 1 கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை. இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் இரண்டு கை மண்புழு உரம். முட்டை ஓடு, சாம்பல், எலும்புத் தூள் மூன்றும் வேண்டாம். முதல் இரண்டும் பி.எச்சை ஏற்றும், எலும்புத் தூள் சுண்ணாம்போடு மணிச்சத்தையும் கூட்டி இரும்பை இன்னும் கட்டிப்போடும். வடிகட்டிய காபிச் சக்கை மண்ணைப் புளிக்க வைக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். டிகாக்‌ஷனோடு புளிப்பு போய்விடும், சக்கை கிட்டத்தட்ட நடுநிலைதான். மக்கவைத்துப் போட்டால் நல்ல உரம், அவ்வளவே.

பூச்சிகளில் மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, அசுவினி மூன்றும் வரும். இலை கறுத்துப் பசபசவென்று இருந்தால் கறுப்பைத் துடைப்பதோடு நிறுத்தாதீர்கள். மேலே எங்கோ சாறு உறிஞ்சும் பூச்சி உட்கார்ந்திருக்கிறது, அது கழிக்கும் இனிப்பில் வளரும் பூஞ்சைதான் அந்தக் கறுப்பு. 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் 1 மில்லி பாத்திரம் கழுவும் திரவமும் அடித்துக் கலக்கி, வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கத்தில் தெளியுங்கள். வாரம் ஒன்றாக மூன்று வாரம். எறும்பு ஏறினால் அதையும் தடுக்க வேண்டும், அசுவினியையும் மாவுப்பூச்சியையும் காவல் காப்பது அதுதான். எறும்புக்குச் சுண்ணாம்புத் தூள் தூவும் பழக்கத்தை இந்தத் தொட்டிக்கு மட்டும் விட்டுவிடுங்கள். தண்ணீரும் உரமும் சரியாக இருந்தும் செடி குன்றினால் ஓரமாக ஒரு வேரைத் தோண்டிப் பாருங்கள். மணி மணியாக வீங்கியிருந்தால் நூற்புழு. தொட்டிச் செடிக்கு வேப்பம் பிண்ணாக்கு 50 கிராம் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கலந்துவிட்டால் கட்டுக்குள் இருக்கும், முற்றிலும் போகாது.

வடகிழக்குப் பருவமழை இந்தச் செடிக்கு வைத்தியம். ஐப்பசி மழையில் தொட்டியைத் திறந்த வெளியில் விடுங்கள். கோடை முழுக்கச் சேர்ந்த உப்பு கழுவிக்கொண்டு போகும், இரண்டு மூன்று வாரத்தில் புதுத் துளிர் கரும்பச்சையாக வருவதைப் பார்க்கலாம். தொட்டியின் ஓட்டை அடைக்காமல் இருக்கிறதா என்று மழைக்கு முன்பே குச்சி விட்டுப் பாருங்கள். அடித்தட்டை எடுத்துவிடுங்கள். தரைத்தளத்தில் வைத்திருப்பவர்கள் புயல் எச்சரிக்கை வந்ததும் தொட்டியை மேலே ஏற்றிவிட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நின்றது போல நாள்கணக்கில் தெருத் தண்ணீர் நின்றால் கார்டேனியா வேர் தாங்காது. மூழ்கிய செடியை எடுத்துவிட்டால், அழுகி வழுவழுவென்று வரும் வேரை வெட்டி, புதுக் கலவையில் சின்னத் தொட்டியில் வைத்து, மேலே உள்ள இலையில் பாதியைக் குறைத்து நிழலில் வையுங்கள். சில பிழைக்கும்.

கத்தரிப்பது பூ முடிந்ததும், ஆனி ஆடிக்குள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். மொட்டு கிளை நுனியில்தான் பிடிக்கும் என்பதால் கார்த்திகைக்குப் பிறகு வெட்டும் ஒவ்வொரு நுனியும் ஒரு பூ குறைவு.

வெட்டிய கிளைகளை எறியாதீர்கள். பென்சில் கனத்துக்குக் கொஞ்சம் குறைவான, பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய பகுதியில் நாலைந்து அங்குலத் துண்டு எடுங்கள். மேலே இரண்டு ஜோடி இலையை விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கி, கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, வேர்விடும் தூளில் தொட்டு, கழுவிய நார்க்கழிவும் ஆற்று மணலும் சமமாகக் கலந்த கப்பில் இரண்டு அங்குலம் இறக்குங்கள். மேலே பாலிதீன் பையைக் கவிழ்த்து, வெயிலே படாத வெளிச்சத்தில் வைத்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் வரும். அதுவரை இழுத்துப் பார்க்காதீர்கள், கப்பின் ஓட்டையில் வெள்ளை வேர் தெரிந்ததும் பையை ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்கி, 6 அங்குலத் தொட்டிக்கு மாற்றலாம். முதல் வருடம் வரும் மொட்டைக் கிள்ளிவிடுங்கள், செடி கிளைக்கட்டும்.